சிம்பா மலை இறங்கினால்...

'ஓ மை டாக்' படம் ஓடி முடிந்த வீடுகளில் அடுத்த டயலாக் என்ன என்று சொல்வதற்கு ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. 'அப்பா... நமக்கும் ஒரு ஹஸ்கி!' படம் வந்தது 2022 ஏப்ரல் 21, அமேசான் ப்ரைமில். பரீட்சை முடிகிற நேரம். பசங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஊட்டியில் நடக்கிற கதை. போட்டிகளில் பட்டம் வாங்குவதற்காகவே நாய் வளர்க்கிற பணக்கார வில்லன் வினய். அவருடைய பண்ணையில் ஒரு சைபீரியன் ஹஸ்கிக் குட்டி கண் தெரியாமல் பிறந்துவிடுகிறது. ஜெயிக்காத நாய் எதற்கு, தூக்கிப் போடு என்கிறார். அது அர்ஜுன் என்கிற பையனிடம் வந்து சேர, சிம்பா என்று பெயர் வைத்து, பணக்கஷ்டம் உள்ள வீட்டில் ஒளித்து, மறைத்து, கெஞ்சி வளர்க்கிறான். விஜயகுமார், அருண் விஜய், அர்னவ் - நிஜத்திலும் தாத்தா, அப்பா, பேரன், படத்திலும் அதே! சூர்யா - ஜோதிகாவின் 2டி தயாரிப்பு. டைரக்‌ஷன் சரோவ் சண்முகம்.

சும்மா சொல்லக் கூடாது. பையன் நன்றாக நடித்திருக்கிறான். நாய் அவனைவிட ஒரு படி மேல். குழந்தைகளுக்காக ஒரு படம் என்று தமிழில் எடுக்கவே ஆள் இல்லாத காலத்தில் எடுத்திருக்கிறார்கள். குறையோடு பிறந்ததைக் குப்பையில் போடாதே என்கிற விஷயத்தைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் கை தட்டியாச்சு.

என் வழக்கு வேறு. படத்தின் கவனமெல்லாம் சிம்பாவின் கண்ணிலேயே இருக்கிறது. கண்ணைத் தாண்டி மிச்ச நாயைப் பற்றிப் படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த ஹஸ்கிக்குப் பதிலாக ஒரு லாப்ரடார் குட்டியைப் போட்டிருந்தாலும் திரைக்கதையில் அநேகமாக ஒரு சீனும் மாறியிருக்காது. அப்புறம் எதற்கு ஹஸ்கி? அழகாக இருக்கிறது, நீலக் கண்ணு, ஓநாய் மூஞ்சி, போஸ்டரில் எடுக்கும். அவ்வளவுதான் காரணம் என்றால், வில்லன் நாய் தேர்ந்தெடுக்கிற காரணமும் இதுவேதானே சார்?

ஊட்டி என்பதால் படம் தப்பித்தது. 2,200 மீட்டருக்கு மேல் உயரம், டிசம்பரில் புல்லில் உறைபனி. ஆனால் படம் பார்த்துவிட்டுக் குட்டி தேடுகிறவர்கள் ஊட்டியில் இல்லையே! பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். ஈரோட்டிலும் கரூரிலும் இருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு 85 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 1,800 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்தில் பஸ் நின்றதும் முதல் வேலையாக நாம் ஸ்வெட்டரைக் கழற்றுவோம். சிம்பா எதைக் கழற்றும்?

அதற்கு ஸ்வெட்டர் ஒன்றல்ல, ரெண்டு. உள்ளே கம்பளி மாதிரி ஒரு அடுக்கு, வெளியே நீளமாக இன்னொரு அடுக்கு. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவுக்குப் போனது. இருபது, இருபத்தைந்து கிலோ எடையில், குறைந்த தீனியில், பாரத்தை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடுவதற்கான உடம்பு. வருஷத்துக்கு ரெண்டு தடவை உள்முடி மொத்தமாகக் கொட்டும். வெயிலுக்கு நல்லது என்று நம்ம ஆட்கள் மொட்டை அடித்துவிடுவதும் உண்டு. அது வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றும் முடி, அதையும் எடுத்துவிட்டால் இன்னும் கஷ்டம். மனுஷன் மாதிரி உடம்பெல்லாம் வியர்க்கிற வசதி நாய்க்குக் கிடையாது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்க வேண்டும்.

சரி, ஏ.சி. போடுகிறேன் என்பீர்கள். பி.காம். படித்தவன் என்பதால் கேட்கிறேன். குட்டி வாங்குகிற விலை ஒரு தடவைதான். அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதினாலு வருஷத்துக்கு ஏ.சி., தீனி, டாக்டர், தினமும் காலையும் மாலையும் ஓட்டுவதற்கு ஒரு ஆள். இதெல்லாம் எந்தக் கணக்கில் ஏறும்? படத்தில் பணக்கஷ்டம் என்று ஒன்று வருகிறது. ஆனால் சிம்பாவின் மாதச் செலவு அந்தக் கஷ்டத்தில் எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அப்படியே ஏ.சி. போட்டாலும், உடம்புதான் குளிரும். ஓட வேண்டும் என்று துடிக்கிற காலுக்கு ஏ.சி. என்ன செய்யும்? சோபாவைக் கிழிக்கும். கதவைச் சுரண்டும். குரைக்காமல் ஊளையிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஊளை கேட்டால் நம்ம ஊர் அபார்ட்மென்டில் என்ன ஆகும் தெரியுமில்லையா... எமன் வாசல்வரை வந்துவிட்டான் என்று எதிர்வீட்டு ஆத்தா செக்ரட்டரியிடம் போய் நிற்பார்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் 2019-ல் வந்த 'டோகோ'. டிஸ்னி படம், வில்லெம் டஃபோ நடித்தது. இதிலும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஹஸ்கிக் குட்டிதான் ஹீரோ. நோஞ்சான். வம்பு பிடித்தது. அடைத்த கூண்டில் இருக்காது. லியான்ஹார்ட் செப்பாலா என்கிற வண்டியோட்டி, இது நமக்குச் சரிப்படாது என்று அதை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குட்டி என்ன செய்தது? மூடியிருந்த கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, மைல் கணக்கில் ஓடிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இது கதாசிரியர் கற்பனை இல்லை, நிஜ டோகோவின் வாழ்க்கையில் நடந்ததாகப் பதிவானது.

அன்பு காட்டாததால் அது ஓடவில்லை. அதற்கு வேலை வேண்டும். எட்டு மாசத்தில், தொல்லை தாங்காமல் வண்டியில் பூட்டிப் பார்க்கிறார் செப்பாலா. முதல் நாளே 75 மைல் ஓடி, வரிசையில் முன்னுக்கு வந்துவிட்டதாம். வண்டி நாய்களுக்குள்ளேயே எத்தனை ரகம் பாருங்கள். முன்னால் போகிற தலைமை நாய்க்குப் புத்தி வேண்டும். பனி உடையப்போகிறது என்று தெரிந்தால் எஜமான் சொன்னாலும் 'மாட்டேன்' என்று நிற்கிற திமிரும் வேண்டும். கடைசியில் வண்டியை ஒட்டி ஓடுகிற நாய்க்கு அந்தத் திமிர் ஆகாது. பலமும் பொறுமையும் போதும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று அதுவாகும், இன்னொன்று இதுவாகும். 'டோகோ' இதைக் காட்சியாகவே காட்டிவிடுகிறது. நாய்க்கு ஒரு குணம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் வளர்க்கிறவன் வேலை என்பது அதன் கதையிலேயே இருக்கிறது. நம் சிம்பாவுக்குக் குணமே எழுதப்படவில்லை. நல்ல பிள்ளை, அவ்வளவுதான்.

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரத்தில் டிப்தீரியா பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து கொண்டுசேர்த்தார்கள். மிகக் கடினமான, மிக நீளமான பங்கு 12 வயது டோகோவுடையது. கடைசிக் கட்டத்தில் ஊருக்குள் நுழைந்தது பால்டோ. பேப்பரில் பேர் வந்தது பால்டோவுக்கு, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலையும் பால்டோவுக்கு. (எந்த ஆபீஸில்தான் இது நடக்கவில்லை!) சிலை வைத்து ரெண்டு வருஷத்துக்குள், அதே பால்டோவும் கூட்டாளிகளும் கை மாறி விற்கப்பட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் காசுக்கு வேடிக்கை காட்டும் கூடத்தில் பராமரிப்பில்லாமல் கிடந்தார்கள். ஜார்ஜ் கிம்பிள் என்கிற கிளீவ்லாந்து வியாபாரி பார்த்துப் பதறி, 2,000 டாலர் திரட்ட ஊரில் வசூலில் இறங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சில்லறை போட்டார்கள். 1927-ல் பால்டோவோடு சேர்த்து ஏழு நாய்களும் கிளீவ்லாந்து மிருகக்காட்சி சாலைக்கு வந்தன. 1995-ல் வந்த 'பால்டோ' கார்ட்டூன் படம் அதைப் பாதி ஓநாய் ஆக்கியதே தவிர, இந்தப் பாதிக் கதையைச் சொல்லவே இல்லை. ஹீரோ நாயின் கிளைமாக்ஸுக்குப் பிறகு சினிமாவுக்கு எப்போதுமே ஆர்வம் போய்விடுகிறது.

போய்விடுவதில் தப்பென்ன, படம் படம்தானே? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் நாய்ப் படங்களையும் நாய்ப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. படத்தில் வந்த இனத்தின் மவுசு பத்து வருஷம்வரைகூட நீடிக்கிறதாம். நமக்கு ஆய்வே வேண்டாம், 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு தெருவுக்குத் தெரு முளைத்த பக் நாய்கள் போதும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஓநாய்களைப் பார்த்துவிட்டு உலகமெல்லாம் ஹஸ்கி வாங்கி, அப்புறம் தெருவில் விட ஆரம்பித்தார்கள். 2017-ல் அதில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே, 'தயவுசெய்து வாங்காதீர்கள்' என்று அறிக்கை விட வேண்டி வந்தது. 'ஓ மை டாக்' முடிவில் அப்படி ஒரு வரி போட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

தெருவில் விடுவது குற்றம், தெரியுமோ? 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிட்டால் அபராதம் உண்டு. முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை! காந்திபுரத்தில் ஒரு நெய் ரோஸ்ட்கூட வராது. 2024-ல் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையைக் கொண்டுவந்து, நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று பட்டியல் போட்டது. ஹஸ்கி அதில் உண்டு. கென்னல் கிளப்காரர்கள் கொதித்தார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. இனிமேல் பிறக்கும் குட்டிகளைப் பற்றிய சண்டை அது. ஏற்கெனவே பால்கனியில் கட்டிக் கிடப்பதை என்ன செய்வது?

நம்ம பக்கத்தில் அதற்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: 'தோட்டத்துல கொண்டுபோய் விட்டுறலாம்ங்ணா.' முடியாத மாடு, படிக்காத மகன், அடங்காத நாய் எல்லாவற்றுக்கும் கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளைதான் தீர்வு. நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே கோழி மேயும். பட்டியில் குட்டி ஆடு இருக்கும். ஹஸ்கியின் ரத்தத்தில் வேட்டை புத்தி இன்னும் போகவில்லை. ரெண்டு கோழி போனதும் பண்ணாடி சங்கிலியில் கட்டிவிடுவார். காவலுக்காவது ஆகுமா என்றால், திருடன் வந்தால் வாலாட்டி உள்ளே கூட்டிப் போகிற ஜாதி அது. காங்கேயம் பக்கம் பட்டி காக்கிற நாட்டு நாயை அவிழ்த்துவிட்டாலும் பட்டியைச் சுற்றியே கிடக்கும். இதை அவிழ்த்தால் தாராபுரம் ரோட்டில் வண்டிக்கு எதிரே ஓடும்.

வீடு மாற்றிக் கொடுப்பது பாவமில்லை. பல நேரம் அதுதான் நாய்க்குச் செய்கிற ஒரே நல்லது. ஆனால் 'நல்ல வீடா பாத்துக் குடுங்க' என்றால் போதாது, எந்த நாய்க்கு நல்ல வீடு என்று கேட்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றைத் தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிற ஆளிடம் கொடுக்கலாம். தனியாக இருக்கத் தெரியாததை இன்னொரு நாய் உள்ள வீட்டில் விடலாம். பூனையைக் கண்டால் பாய்வதைப் பூனை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. வயசாகி, கூச்சல் பிடிக்காத ஒன்றுக்குக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ குழந்தை இல்லாத வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். எடுத்த எடுப்பில் கொடுத்துவிடாமல் ஒரு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். சரிப்படவில்லை என்றால் வாங்கினவர் திருப்பித் தரவும் வழி வேண்டும்.

இதில் சினிமாவுக்கு எவ்வளவு விஷயம் இருக்கிறது! அர்ஜுன் வளர்ந்து கோயம்புத்தூரில் காலேஜ் சேர்கிறான், வீடும் கூடவே மலை இறங்குகிறது, அது ஏப்ரல் மாதம் என்று ஒரு ரெண்டாம் பாகம் எடுங்கள் சரோவ் சார். சிம்பாவைக் கேட்டு வருகிற நாலு வீட்டை அந்தப் பையன் உட்கார வைத்துக் கேள்வி கேட்கட்டும். முதல் நாள் முதல் ஆளாக நான் பார்க்கிறேன்.