ஸ்ரீரங்கத்தைத் தேடுதல்

நூலகப் பட்டியலை நம் விமர்சகர்கள் பொருட்படுத்துவதில்லை. அது குமாஸ்தா வேலை என்ற நினைப்பு. ஆனால் எந்தப் புத்தகம் வாசகன் கைக்கு வரும், எது வராது என்பதை விமர்சகனுக்கு முன்பே பட்டியல் தீர்மானித்துவிடுகிறது. அந்த அளவில் அதுவும் விமர்சனம்தான்; யாரும் கையெழுத்திடாத விமர்சனம்.

ஓர் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கம். சிறீரங்கம், சீரங்கம், திருவரங்கம் என்றும் எழுதுகிறோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே தீவு. கணினிக்கு நான்கு ஊர்கள். இதாவது கண்ணுக்குத் தெரிகிற வேற்றுமை. 'ஸ்ரீ'க்குள் தெரியாத ஒன்று இருக்கிறது. யூனிகோடில் அதை முதலில் 'ஸ'வைக் கொண்டு அமைத்தார்கள். 2005இல் 'ஶ' சேர்ந்தபின் அதைக் கொண்டும் அமைக்கலாம் என்றாயிற்று. திரையில் இரண்டும் ஒரே வடிவம். உள்ளே வெவ்வேறு எண்கள். இரண்டும் ஒன்றென்று கற்பிக்கப்படாத தேடுகருவியில், ஒரு விதமாக அடித்தவனுக்கு மறு விதமாகப் பதிந்த நூல் கிடைக்காது. நூலே இல்லை என்று எண்ணி அவன் போய்விடுவான்.

எழுத்துச் சரியாக அமைந்தாலும் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்ற தலைப்பில் 'ஸ்ரீரங்கம்' என்ற சொல் இல்லை. அத்துச் சாரியை வந்ததும் மகர மெய் கெட்டுவிட்டது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த புணர்ச்சி விதி இது. சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்குத் தெரியாது.

ஆசிரியர் பெயர் அடுத்த சிக்கல். சுஜாதாதான் எஸ். ரங்கராஜன் என்பது நமக்குச் செய்தியே அல்ல. பட்டியலில் எவராவது எழுதி வைத்தாலன்றி இருவரும் இரண்டு பேர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ரோமன் எழுத்துமுறையில் சகரத்துக்கு 'சி' என்ற எழுத்து. சுஜாதாவின் பெயர் அங்கே அதில்தான் தொடங்குகிறது. 'எஸ்' போட்டு எழுதிப் பழகிய திருச்சி வாசகன் எங்கே தேடுவான்? அட்டைப் பட்டியல் காலத்தில் நல்ல நூலகர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: 'காண்க' என்று இன்னோர் அட்டை. வாசகன் எந்த வாசல் வழியாக வருவான் என்று முன்கூட்டி யோசித்த அட்டை அது.

சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை, இலக்கிய ஆசிரியனைப் பிறந்த ஆண்டால் குறிக்கிறது. புனைபெயரும் இயற்பெயரும் அங்கே ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. வாசகனின் நேரத்தைச் சேமி என்பது அவருடைய நான்காம் விதி. அவருடைய மாகாணத்தில், 1948இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கண்ட மாகாணத்தில், அந்த விதி இன்னும் சுவரில் மாட்டும் வாசகமாகவே நிற்கிறது என்று படுகிறது.

பார்வையற்ற வாசகனை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கடுமை. திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும்; வெறும் படமாக எடுத்த பக்கம் அதற்கு வெற்றுத்தாள். நூல்களை அவர்கள் படிக்கும் வடிவில் பிரதியெடுக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கிடைப்பது எழுத்தா, படமா என்ற ஒரு வரியைப் பட்டியல் சொல்வது அரிது. இறக்கிப் பார்த்து ஏமாந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது.

இதெல்லாம் தொழில்நுட்பக்காரர்கள் விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1959இலிருந்து 1970 வரை வந்த 'எழுத்து' ஒரு பட்டியலில் ஒரு தலைப்பாக மட்டும் பதிவானால், உள்ளே இருக்கும் கவிதைகள், கட்டுரைகள், அவற்றை எழுதியவர்கள் எவரையும் தேடிப் பிடிக்க முடியாது. சிறுபத்திரிகையின் உயிர் தலைப்பில் இல்லை, உள்ளடக்கத்தில் இருக்கிறது. யார் எந்தப் பெயரில் எழுதினார்கள், எந்த இதழில் என்ன வந்தது என்பது நம்மில் சிலருக்கு மனப்பாடம். நூலகருக்கு அது தெரிய வழியில்லை. நம்மோடு போய்விட்டால் பிறகு எந்தக் கருவிக்கும் தெரியாது.

நம் பரணில் கிடக்கும் இதழ்களின் பொருளடக்கத்தை, புனைபெயருக்கு எதிரே இயற்பெயரோடு, தட்டச்சு செய்து ஒரு நூலகரிடம் கொடுக்கலாம். இலக்கியப் புகழுக்கு இதில் இடமில்லை. ஆனால் நம்மை யாரும் படிப்பதில்லை என்று புலம்புவதற்கு முன், நம்மைத் தேடினால் கிடைப்போமா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.