இரவும் இறைக்கதையும்: எல்ஸ்ஹைமரின் ‘எகிப்துக்குத் தப்பி ஓடுதல்’ ஓவியம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செருமானிய ஓவியர் ஆதாம் எல்ஸ்ஹைமர் உரோமையில் தீட்டிய ‘எகிப்துக்குத் தப்பி ஓடுதல்’ (1609), பரோக் காலத் தொடக்கத்தைச் சார்ந்த இரவு நிலக்காட்சி ஓவியமாகும். இது வானியல் ஆவணமாகவும் சமய ஓவியமாகவும் தனித்தனியே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இவ்விரு வாசிப்புகளும் ஓவியத்தின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகின்றன என்பதையும், இரவு எனும் பொழுதே இரண்டையும் பிணைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எல்ஸ்ஹைமர், பரோக் ஓவியம், நிலக்காட்சி, பால்வழி, மத்தேயு நற்செய்தி.

முன்னுரை

பிராங்பர்ட் நகரில் 1578இல் பிறந்த எல்ஸ்ஹைமர், வெனிசு வழியாக உரோமைக்கு வந்து, 1610 திசம்பரில் அங்கேயே மறைந்தார். செப்புத்தகட்டின்மேல் எண்ணெய் வண்ணத்தால் சிற்றளவு ஓவியங்கள் தீட்டுவதில் அவர் தேர்ந்தவர். மியூனிக் நகரின் ஆல்டே பினகோதேக் காட்சியகத்தில் உள்ள இவ்வோவியம் ஏறத்தாழ 31 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. அவர் மறைவுக்கு வருந்தி 1611 சனவரியில் மருத்துவர் யோகான் ஃபாபருக்கு எழுதிய கடிதத்தில் ரூபன்ஸ் இவ்வோவியத்தைத் தனியே குறிப்பிட்டிருப்பது, சமகாலத்தவரிடையே இது பெற்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது.

வானியல் வாசிப்பும் அதன் எல்லையும்

இவ்வோவிய வானில் பால்வழி வெண்புகையாக அன்றி, தனித்தனி விண்மீன்களின் திரளாகத் தீட்டப்பட்டுள்ளது. நிலவின் முகத்தில் கறைகள் தெரிகின்றன. பால்வழி எண்ணற்ற விண்மீன்களால் ஆனது எனக் கலிலியோ தம் ‘சிடேரியஸ் நுன்சியஸ்’ நூலில் வெளியிட்டது 1610 மார்ச்சில். ஓவியத்தின் பின்புறம் காணப்படும் ஆண்டோ 1609. எனவே, எல்ஸ்ஹைமர் தொலைநோக்கி வழியே வானைக் கண்டிருக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர்.

இவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. நிலவின் கறைகள் வெறுங்கண்ணுக்கே புலப்படுபவை. பால்வழி விண்மீன் திரளே என்னும் ஊகம் கிரேக்கச் சிந்தனையாளர் டெமாக்ரிட்டசு காலம் முதல் வழங்கி வந்ததாகும். அனைத்திற்கும் மேலாக, முழுநிலவு காயும் வானில் பால்வழி ஏறத்தாழ மறைந்துவிடும். ஒன்றின் ஒளி மற்றொன்றை விழுங்கும் இரு காட்சிகளை ஓவியர் ஒரே வானில் அமைத்திருக்கிறார். ஆகவே இது கண்டது கண்டவாறு பதிந்த வானன்று. கூர்ந்த அவதானிப்பிலிருந்து தேர்ந்து கட்டமைக்கப்பட்ட வான். அவ்வாறாயின், ஓவியர் ஏன் இவ்வாறு கட்டமைத்தார் என்பதே விடை காண வேண்டிய வினாவாகிறது.

ஒளிகளின் அமைப்பு

விடை கதையின் பொழுதில் உள்ளது. ஏரோதுவிடமிருந்து குழந்தையைக் காக்க, யோசேப்பு இரவிலேயே புறப்பட்டார் என்று மத்தேயு நற்செய்தி (2:14) கூறுகிறது. இக்கதையைப் பகலொளியில் தீட்டிய ஓவியர் பலர். எடுத்துக்காட்டாக, அன்னிபாலே கராச்சி இதே உரோமையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் தீட்டிய நிலக்காட்சியில் பகலே நிலவுகிறது. எல்ஸ்ஹைமரோ மூலநூல் சுட்டும் இரவை அப்படியே ஏற்றுக்கொண்டார். இரவை ஏற்றபின், எதன் ஒளியால் காட்சி புலனாகும் என்னும் சிக்கல் எழுகிறது. ஓவியத்தின் முழு அமைப்பும் இச்சிக்கலுக்கான விடையாகவே விரிகிறது.

வலப்புறம் நிலவும் நீரில் அதன் நிழலும், மேலே விண்மீன்கள், நடுவில் யோசேப்பின் கைப்பந்தம், இடப்புறம் இடையர் மூட்டிய நெருப்பு. இவற்றுள் மிகச் சிறியது பந்தத்தின் ஒளி. அது கழுதைமேல் அமர்ந்த மரியாவையும் குழந்தையையும் தாண்டிப் பரவுவதில்லை. தப்பி ஓடுவோர்க்கு ஒளி வழித்துணை. அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். இந்த இருதலைநிலையை எல்ஸ்ஹைமர் அச்சம் தோய்ந்த முகங்களால் உணர்த்தவில்லை. ஒளியின் அளவாலேயே உணர்த்துகிறார். அவர்கள் செல்லும் திசையில் இடையரின் நெருப்பு புகலிடமாய் எரிகிறது. வழிகாட்டும் வானதூதர் எவரும் இல்லை. தெய்வத் துணை என்பது இங்கு வானளாவிய அமைதியாகவும் முன்பின் அறியாத மனிதர் மூட்டிய நெருப்பாகவுமே வெளிப்படுகிறது.

சமயக்கதை நிலக்காட்சிக்கு வெறும் சாக்கு எனும் பரவலான கருத்து இவ்விடத்தில் பொருந்தவில்லை. கதையை நீக்கினால் பந்தத்திற்கும் நெருப்புக்கும் இடைப்பட்ட இருள் பொருளற்றுப் போகும். வானை நீக்கினால் அக்குடும்பத்தின் சிறுமையும் தனிமையும் புலப்படா.

அளவும் ஏற்பும்

வானியல் வாசிப்பு வலுப்பெற்றமைக்கு உருப்பெருக்கிய அச்சுப்படிகளும் ஒரு காரணம் எனலாம். பெரிதாக்கிய படியில் விண்மீன்கள் எண்ணத்தக்க தரவுகளாகின்றன. மூலத்தைக் காண்பவரோ சிறு தகட்டை நெருங்கிக் குனிந்தே இருளுக்குள் உருவங்களைக் கண்டறிய வேண்டும். ஓவியத்தின் ஏற்பு வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. ஹென்ட்ரிக் கௌட் 1613இல் உருவாக்கிய செதுக்கச்சு இவ்வமைப்பைப் பரப்பியது. டப்ளினில் உள்ள, ரெம்பிராண்டின் 1647ஆம் ஆண்டு ஓவியம் இம்மரபில் வருவது. அதில் முதன்மை பெறுவது விண்மீன் நுட்பமன்று. பேரிருளில் எரியும் சிறு நெருப்பே.

முடிவுரை

எல்ஸ்ஹைமரின் ஓவியத்தில் அவதானிப்பும் நம்பிக்கையும் போட்டியிடவில்லை. மூலநூலின் இரவை மெய்யாக ஏற்றதனாலேயே ஓவியர் மெய்யான வானை நோக்க நேர்ந்தது. வானை அறிவியலுக்கும் மாந்தரைச் சமயத்திற்கும் பிரித்தளிக்கும் திறனாய்வு, ஓவியர் இணைத்ததைப் பிரிக்கிறது. பரோக் நிலக்காட்சிகளை ஆராய்வோர், பின்புலம் எது, கதை எது எனப் பகுக்கும் முன், பொழுதும் ஒளியும் அவற்றை எவ்வாறு இணைக்கின்றன என்று நோக்குதல் பயன் தரும்.