ஸ்ருதி இல்லாத ஆரம்பம்

குருசுக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் மாடியறையில்தான் ஷூபர்ட்டின் ஒன்பதாவது ஸிம்ஃபனியை முதலில் கேட்டேன். முள்ளைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டு பிரெஞ்சு ஹார்ன்கள் (பிரெஞ்சுக்காரர்களுக்கு இது வெறும் 'கோர்') ஒரே மெட்டை, துணை ஏதுமின்றி, மெதுவாக ஊதுகின்றன. ஆலாபனை என்று சொல்லிவிடத் தோன்றும். தவறு. ஆலாபனைக்கு முன்பே தம்பூரா நமக்கு ஸட்ஜத்தைத் தந்துவிடுகிறது. இங்கே ஹார்ன்களே தாம் நிற்க வேண்டிய தரையைப் போட்டுக்கொண்டு நடக்கின்றன. ஷூபர்ட் 1828-ல் இறந்தார். 1839-ல்தான் மெண்டல்ஸன் இதை லைப்ஸிக்கில் மேடையேற்றினார்.

ப்ரூக்னரின் நான்காவது (1874) நமக்கு உடனே பிடித்துப்போகிறது. தந்திகள் அடியில் அதிர்ந்துகொண்டிருக்க, ஹார்ன் ப-ஸ-ப என்று அழைக்கிறது. தம்பூராவின் ஸ்வரங்களேதாம். அந்தப் பிடித்தத்தை நான் சந்தேகிக்கிறேன். அது ரசனையல்ல, பழக்கம்.

வால்வுகள் வருமுன் ஹார்னும் நம் கோயில் கொம்பின் ஜாதிதான்; குழாய் இயல்பாகத் தராத ஸ்வரங்களை அதன் வாயில் கையைச் செருகி எடுத்தார்கள். அங்கே அதற்கு முதல் வார்த்தை கிடைத்தது. நாம் கொம்பை ஊர்வலத்தோடு நிறுத்திவிட்டோம். கேரளத்துப் பஞ்சவாத்தியத்திலும் அது தாளத்தின் துணையாகத்தான் ஒலிக்கிறது.

இப்போதெல்லாம் அந்தத் தட்டைப் போடுமுன் நண்பரை ஜன்னலைச் சாத்தச் சொல்கிறேன். கடலிரைச்சலைக்கூடத் தம்பூராவாக்கிக்கொள்கிற காது என்னுடையது.