வாய்க்கு வசப்படும் புத்தகம்

சிறுவர் நூலைக் கையில் எடுத்தால் தமிழில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இரண்டை: படம் எப்படி, நீதி இருக்கிறதா. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க உட்காரும் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இவை இரண்டையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அச்சில் இருப்பதை அப்படியே வாயால் சொல்ல முடியுமா?

பக்கத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘யானை ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது.’ எழுத்துப் பிசகாமல் வாசித்தால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். குழந்தை எழுந்து போய்விடும். அதனால் மதுரைப் பக்கத்து அம்மா, ‘ஆனை ஆத்துல எறங்கிக் குளிச்சுக்கிட்டு இருந்துச்சாம்’ என்கிறார். யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் வாயில் அது ‘குளிச்சுக்கொண்டு இருந்ததாம்’ என்றாகிறது. இருவரும் கண்ணால் ஒரு தமிழைப் படித்து வாயால் இன்னொன்றைச் சொல்கிறார்கள். கதை சொல்கிற எவரும் தாமாகச் சேர்த்துக்கொள்ளும் அந்த ‘ஆம்’ அச்சில் இல்லவே இல்லை. நம் சிறுவர் நூல்களை இந்த ஒரு கோணத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால், புகழ்பெற்ற சில நூல்கள் பின்னுக்குப் போகின்றன. யாரும் பெரிதாகப் பேசாத சில முன்னுக்கு வருகின்றன.

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தவர்கள் கவிஞர்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பாட்டில் வினைகள் பேச்சில் வருவதுபோலவே ‘உது’ என்று முடிகின்றன. ‘கிறது’ அங்கே நுழைவதில்லை. பாரதியின் பாப்பா பாட்டு குழந்தையை நேராகப் பார்த்துப் பேசுவதால் அங்கும் வாய் தடுக்குவதில்லை. அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கி வேலை பார்த்துக்கொண்டே எழுதிய பாட்டுகளில் சொல்லைவிட ஓசையே முன்னால் ஓடுகிறது. அவருடைய ‘மலரும் உள்ளம்’ தொகுப்பை, எழுத்து தெரியாத பாட்டியும் பேரனோடு சேர்ந்து ‘வாசிக்கலாம்’. பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். பாட்டு நூல்களில் படம் சுமாராக இருந்தாலும் ஒரு குறையும் இல்லை என்பேன்.

உரைநடைக்கு வந்தால் கதை வேறு. நம் நாட்டுப்புறத்தில் வாசிப்புக்கென்றே செய்துவைத்ததுபோல ஒரு கதை உண்டு: தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. ஈ கன்றிடம் கேட்கிறது, கன்றுக்குத் தெரியவில்லை. தாய்ப்பசுவிடம், மேய்ப்பவனிடம், அவன் கைக்கோலிடம், கோல் வந்த மரத்திடம் என்று கேள்வி நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் முழுவதையும் ஒப்பித்த பிறகுதான் புதிய பெயரைச் சேர்க்க வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கிறது; அந்தக் கனைப்பிலேயே ஈக்குத் தன் பெயர் கேட்டுவிடுகிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது பட்டியலை ஒப்பிப்பது குழந்தைதான்; பெரியவர் பக்கம் புரட்டினால் போதும். ருஷ்ய நாட்டுப்புறத்தில் தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, எலி எல்லாம் சேர்ந்து கிழங்கைப் பிடுங்குகிற கதையும் இதே அமைப்புதான். இப்படி அடுக்கிக்கொண்டு போகும் கதைகள் இருக்கும் புத்தகத்தை யோசிக்காமல் வாங்கலாம்.

1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழை இந்த வயதுக்குச் சேர்க்கமுடியாது; ஏழு வயதாவது ஆகவேண்டும். ஆனால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் மாதாமாதம் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிந்தது, வாசித்துக் காட்டியவர்களுக்குப் பெரிய வசதி. வாண்டுமாமாவின் சாகசக் கதைகள், பிள்ளைகள் தாமே படிப்பதற்கானவை. சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்து நியூ செஞ்சுரி கடைகளில் மலிவாகக் கிடைத்த சிறுவர் நூல்களின் படங்களை இன்னும் பலர் மறக்கவில்லை. மொழிநடை மட்டும் கொஞ்சம் விறைப்பு.

படப்புத்தகம் என்ற வகை இங்கே வேரூன்றியது தொண்ணூறுகளில்தான். சென்னையில் 1994-இல் தாரா பதிப்பகம், 1996-இல் தூலிகா பதிப்பகம். பெங்களூரில் 2004-இல் பிரதம் புக்ஸ். தாராவின் நூல்கள் கைக்குக் கலைப்பொருள். பிசுபிசுத்த விரலோடு வரும் குழந்தையிடம் கொடுக்கப் பெரியவர்களுக்கே மனம் வருவதில்லை. தூலிகா தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. அதன் நூல்களில் அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ வாய்விட்டு வாசிக்கவே பிறந்தது. பெயரே சந்தம். யானைக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. பிடித்தால் தும்மல் வரத்தானே வேண்டும்? அந்தத் தும்மலை அப்பா எவ்வளவு இழுத்துச் சொல்கிறாரோ அவ்வளவு வெற்றி. பிரதம் புக்ஸின் ஸ்ரீங்கேரி ஸ்ரீநிவாஸ் கதையில், நீண்ட முடியை வெட்டிக்கொள்ள ஆள் தேடி அலைகிறவருக்கு ஒவ்வொருவராகக் கையை விரிக்கிறார்கள். விஷயம் ஒரு புலிவரை போகிறது. அதே நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தரம் மேலும் கீழுமாக இருக்கும். நாமே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் குழந்தையை அழைப்பது நல்லது.

பெரும்பாலான படப்புத்தகங்களில் எனக்கு ஒரு குறை உண்டு: உரையாடல். ‘அம்மா, எனக்குப் பசிக்கிறது’ என்று எந்த ஊர்க் குழந்தை சொல்கிறது? பெரியவர்களுக்கான சிறுகதையில் புதுமைப்பித்தன் காலத்திலேயே பாத்திரங்கள் பேச்சுத்தமிழுக்கு மாறிவிட்டார்கள். குழந்தைக் கதையில் மட்டும் முயல்குட்டி இன்னமும் மேடைத்தமிழ் பேசுகிறது. எந்த வட்டாரப் பேச்சை அச்சிடுவது என்ற பதிப்பாளரின் தயக்கம் நியாயமானதே. கதைசொல்லியின் வரிகள் எழுத்துத்தமிழில் இருக்கட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதுதானே வரப்போகிறது, காதில் விழுந்திருந்தால் நல்லதுதான். பாத்திரங்களின் வாயையாவது அவிழ்த்துவிடலாம். ‘பசிக்குதும்மா’ எந்த வட்டாரத்துக்கும் அந்நியம் இல்லை.

வாசிப்பவர் இப்படிப் பக்கத்தைவிட்டு விலகி விலகிப் பேசுவதில் ஒரு லாபமும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, வரியை ஒப்பிப்பதைவிட நடுநடுவே கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை நீட்டிப் பேசும் வாசிப்பு அதன் பேச்சை வேகமாக வளர்க்கிறது என்று காட்டியது. நம் அம்மாக்கள் வேறு வழியில்லாமல் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டார்கள்.

இன்றைய தமிழ்ச் சிறார் இலக்கியம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ ஆகிய மூன்றும் நல்ல நூல்கள். மூன்றுமே தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிவைத்துக் கொண்டுவந்த சிறுநூல்களும் பள்ளி மாணவரை மனத்தில் வைத்தவை. எழுத்தாளர்களின் கவனமும் விருதுகளும் எட்டு வயதுக்கு மேலேயே நிற்கின்றன.

இரண்டு வயதுக்குக் கீழே போனால் அலமாரி கிட்டத்தட்டக் காலி. கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகம் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது அ–அம்மா, ஆ–ஆடு வரிசையைத்தான். பத்து அட்டை, அட்டைக்கு ஒரு வரி, அந்த வரி பேச்சில் வருகிற வரி: இப்படி ஒரு கதை எழுதக் கதாசிரியரைவிடக் கவிஞரே பொருத்தம். ஆனால் பதிப்பாளர்கள் கவிஞர்களிடம் இன்றும் கேட்டு வாங்குவது பாட்டுத் தொகுப்பு மட்டுமே.