குடும்ப வைத்தியரும் அந்தரங்க நோய்களும்

மலாக்காவின் தஞ்சோங் கிளிங் கடலோரத்திலும், அங்கிருந்து புக்கிட் ரம்பாய், செங் என்று உள்ளே விரியும் சிற்றூர்களிலும், தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒரே கிளினிக்கில் வைத்தியம் பார்த்துக்கொள்கின்றன. பாட்டியின் இரத்தக் கொதிப்பையும் அப்பாவின் இனிப்புநீரையும் பேரனின் இளைப்பையும் ஒருங்கே அறிந்த டாக்டர், அந்த வீட்டுக்கு ஏறத்தாழ உறவினராகிவிடுகிறார். குடும்ப வைத்திய முறையின் மூலதனமே இந்த உறவுதான். ஆயினும், தாம்பத்தியக் குறைகள், பால்வினை நோய்கள், கருத்தடை முதலிய அந்தரங்க விஷயங்கள் என்று வரும்போது, நோயாளியின் வாயைக் கட்டிப்போடுவதும் இதே உறவுதான். மகளின் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிய டாக்டரிடம் தன் ஆண்மைக் குறைவைச் சொல்ல எந்தத் தகப்பனுக்குத்தான் நா எழும்?

அந்தரங்க நோய்கள் விஷயத்தில் நம் நாடு சாதித்திருப்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். 1998 முதல் அரசாங்கத் தாய்சேய் நல நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கான பரிசோதனையும் உடன் நடைபெறுகிறது. தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்துவிட்ட நாடு என்று, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக, மலேசியாவுக்கு 2018 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. நாட்டின் மூலைமுடுக்குகளில் உள்ள சாதாரண நிலையங்களில் எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்டு, எல்லோருக்கும் ஒரே விதமாக இரத்தம் எடுத்ததன் பலன் இது. யாரையும் தனியே பிரித்து நிறுத்தாத இடத்தில் வெட்கத்துக்கும் வேலை இல்லாமற்போயிற்று.

ஆண்கள் விஷயத்தில் இந்தப் பொது வழக்கம் இல்லாதது பெருங்குறை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நரம்பையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் அரிக்கும் அந்நோய் ஆண்குறியின் விறைப்பையும் குறைக்கும் என்பதை வைத்தியர் அனைவரும் அறிவர். இக்குறை பல சமயங்களில், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே இதயக் குழாய்களின் பழுதை அறிவிக்கும் அடையாளம் என்பதையும் அறிவர். அப்படியிருந்தும், மூன்று மாதத்துக்கொருமுறை வரும் நோயாளியின் பாதத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, சிறுநீரகக் கணக்கைப் பார்த்து அனுப்பும் டாக்டர், இந்த ஒன்றை மட்டும் நோயாளியே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார். அவரோ இடுப்பு வலி என்று வந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, கதவின் கைப்பிடியில் கை வைத்தபின், “டாக்டர், இன்னொரு விஷயம்…” என்று இழுத்து, வெளியே காத்திருப்போரைக் கண்டதும், “சரி, அடுத்த தடவை பேசலாம்” என்று போய்விடுகிறார்.

இந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளே விறைப்பைக் குறைக்கக்கூடும். அதை உணர்ந்த நோயாளி எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட, அளவு ஏறியிருப்பதைக் கண்ட டாக்டர், அவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்துகொள்கிறார். இன்னொருவர், ‘ஆண்மை பெருக்கும்’ காப்பிப் பொட்டலத்தைக் கடையிலே தேடுகிறார். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடுத்திருந்தும் வியாபாரம் ஓய்ந்தபாடில்லை. இவ்வகைக் காப்பிகள் சிலவற்றில் சில்டெனாபில் போன்ற விறைப்பு மருந்துகள் இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அக்காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஸ்திரீகளின் நிலை வேறு விதமான சங்கடம். வெள்ளைபடுதலை ‘உடம்புச் சூடு’ என்றே சொல்லப் பழகிய மருமகள், மாமியார் துணையோடு வந்து உட்கார்ந்திருக்கையில், டாக்டர் எதைக் கேட்பார், அவள்தான் எதைச் சொல்வாள்? உள்ளே நுழையுமுன் கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸி, பல வேளைகளில் அடுத்த வீட்டுப் பெண்ணே, “என்ன சுகமில்லை அக்கா?” என்று நாலுபேர் காதில் விழக் கேட்டுவிடுகிறாள். அவள் மேல் குற்றமில்லை. அவளுக்குக் கற்பித்தது அவ்வளவுதான்.

டாக்டர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தனியார் கிளினிக்கின் ஆலோசனைக் கட்டணம் நெடுங்காலமாக 10 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் இடையே நிறுத்தப்பட்டிருந்தது. வருமானம் மருந்து விற்பனையைச் சார்ந்திருக்க, அரைமணி நேரப் பேச்சு நஷ்டமாகவே முடியும். தொழிற்சாலைப் பேனல் கிளினிக்கில் பில்லைக் கம்பெனி கட்டுவதால், தன் நோயின் பெயர் அலுவலகத்துக்கு எட்டிவிடுமோ என்று தொழிலாளி அஞ்சுவதும் இயல்பே. ஆனால் இவை விரிவான சிகிச்சைக்குத் தடைகளேயன்றி, ஒரு கேள்விக்குத் தடையாகமாட்டா. ஜாக் அன்னன் என்ற அமெரிக்க உளவியலாளர் தாம்பத்தியக் குறைகளுக்கான சிகிச்சைக்கு 1976இல் வகுத்த நான்கு படிகளில் முதலாவது, நோயாளி பேசுவதற்கு அனுமதி அளிப்பது மட்டுமே. “இனிப்புநீர் உள்ளவர்கள் பலருக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வருவதுண்டு, உங்களுக்கு எப்படி?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு நிமிஷம் போதும், மிஞ்சியதற்கு மலாக்கா பொது மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதலாம். கர்ப்பிணிகளிடத்தில் வெற்றி பெற்ற அந்தப் பொது வழக்கத்தை, ஐம்பது வயது ஆண்களிடத்தில் பின்பற்றாததற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

டாக்டர் கேட்கும் காலம் வரும்வரை, வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கவுண்டரில் நோயைச் சொல்லக் கூசுகிறவர்கள், “டாக்டரிடம் தனியே பேச வேண்டும்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்; அதற்கு மேல் அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.