பொன்னுருவிக்குத் தெரியாதது

கதைமாந்தரைத் திட்டமிடும்போது பெயர், வயது, தொழில், குணம் என்று பட்டியல் போட்டு வைப்பது எழுத்தாளர் பலரின் வழக்கம். பட்டியல் ஆளை அடையாளம் காட்டும். ஆழம் அதில் வராது. இதை நாவலைவிடத் தெளிவாகக் காட்டுவது கூத்துக் களரி.

மானாம்பதி, உத்திரமேரூர் ஊர்கள் அடங்கிய காஞ்சிபுரம் மாவட்டம் கட்டைக்கூத்தின் சொந்த மண். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த அணிகளால் வந்த பெயர் அது. வந்து நிற்பவன் ராஜாவா இல்லையா என்பதை இந்தக் கட்டே சொல்லிவிடும். திரைக்குப் பின்னிருந்து பாடி, களரியில் நிற்கும் கோமாளி கட்டியக்காரன் விசாரிக்கத் தன் பெயரும் பெருமையும் சொல்லித்தான் வேஷம் வெளியே வரும். ஆடப்படும் பாரதக் கதையும் ஊருக்கே தெரியும்; கர்ணன் சாவான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தோற்றமும் முடிவும் முன்பே தீர்ந்துபோன ஓர் ஆளை, விடியும்வரை எதைக் கொண்டு பார்க்க வைப்பது?

‘கர்ண மோட்சம்’ கூத்தில் அந்த வேலையைச் செய்பவள் பொன்னுருவி. வியாச பாரதத்தில் இவள் இல்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்த நாடகத்தில் இவள் கர்ணனின் மனைவி. கணவனைத் தேரோட்டி மகன் என்று இழிவாக எண்ணி அண்டவிடாதவள். கடைசிப் போருக்கு முன் விடைபெற வருகிறான் கர்ணன். தான் குந்தி பெற்ற பிள்ளை என்பது அவனுக்குத் தெரியும், விழித்திருக்கும் கூட்டத்துக்கும் தெரியும்; அவளுக்கு மட்டும் தெரியாது. திரைக்குப் பின்னே பாடிய பெருமையெல்லாம் பெண்டாட்டி முன்னால் செல்லாக்காசாகிறது. உண்மை தெரிந்து அவள் மனம் இளகும்போது, அவன் களத்துக்குப் போயாக வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. முகவீணை குரலோடு இழைய இந்தக் காட்சியைக் கேட்பது தனி அனுபவம். வள்ளல், வில்லாளி, செஞ்சோற்றுக்கடன் தீர்த்தவன் என்ற அடைமொழிகள் எல்லாம் சேர்ந்தும் தராத கனத்தைக் கர்ணனுக்கு இது தந்துவிடுகிறது.

நெருங்கியவரின் பார்வையைக் கொண்டு பாத்திரத்துக்குக் கனம் தரும் இதே நுட்பம் அச்சில் எழுத்தாளர் ஜெயகாந்தனிடம் உண்டு. 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்ட பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. பிறகு வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் கதறிவிடுகிறாள்; அக்கம்பக்கம் அறிந்துவிடுகிறது. மாறியது தாயின் ஒரு நிமிடம். அதிலிருந்துதான் நாவலின் நாயகி கங்கா பிறந்தாள். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலோடும் அவள் முடியவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவல் வேண்டியிருந்தது.

கதைக்குக் குறிப்பெடுப்பவர் முதலில் எழுத வேண்டியவை, பாத்திரத்துக்கு மிக நெருங்கியவர் யார், அவர் தப்பாக நினைத்திருப்பது எது, அது எப்போது கலையும் என்பவையே. பிடித்த நிறமும் பிடித்த பலகாரமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதில் கடினமானது நேரக் கணக்கு. பொன்னுருவி தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் எல்லாம் ஒரு குடும்பச் சண்டையோடு முடிந்துபோகும். கடைசிவரை தெரியாமலே போனால் கர்ணன் பரிதாபத்துக்குரியவன், அவ்வளவே.