ஹார்மோன் எல்லாருக்கும்தான் குறையுது

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு விளக்கம் தவறாமல் இருக்கும்: குழந்தை பிறந்ததும் ஹார்மோன் சட்டுனு குறையுது, மூளையில் ரசாயனச் சமநிலை கெடுது, அதனால் இந்த நோய். இந்த விளக்கத்தால் ஒரு நன்மை உண்டு. அழுதுகிட்டே இருக்கிற பெண்ணைப் பார்த்து "திமிர்", "சோம்பேறித்தனம்" என்று பேசுகிற வாயை அது அடைக்கும். ஆனா விளக்கம் என்ற அளவில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் எல்லாத் தாய்மார்களுக்கும்தான் விழுகின்றன. நோய் எல்லாருக்கும் வருவதில்லையே? எங்க தொழில்ல சொன்னா, ஒரே அப்டேட்டை நூறு சர்வர்ல போட்டு பத்து மட்டும் படுத்துருச்சுன்னா, "அப்டேட்தான் காரணம்"னு டிக்கெட்டை மூட முடியாது. அந்தப் பத்துல என்ன வித்தியாசம்னு தேடணும்.

அப்படித் தேடிய ஆய்வு ஒன்று 2000-ல் வந்தது. மிக்கி பிளாக்கும் சக ஆய்வாளர்களும் செய்தது. கர்ப்பமாக இல்லாத 16 பெண்கள். 8 பேருக்கு முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது, 8 பேருக்கு வந்ததில்லை. இரு தரப்புக்கும் எட்டு வாரம் இரண்டு ஹார்மோன்களையும் அதிக அளவில் கொடுத்து, பிறகு எப்போது நிறுத்துகிறோம் என்று தெரியாதபடி நிறுத்தினார்கள். முதல் எட்டில் 5 பேருக்கு மனநிலை குறிப்பிடும்படி மோசமானது. மற்ற எட்டில் ஒருவருக்குக்கூட இல்லை.

16 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆனாலும் இந்த முடிவு இரண்டு பக்கமும் வெட்டுது. அங்கே அழுகிற குழந்தை இல்லை, ராத்திரி கண்விழிப்பு இல்லை. ஹார்மோன் வீழ்ச்சியே சிலருக்குப் போதுமானதாக இருந்தது. அதனால ஹார்மோன் கதை பொய்யில்லை. அதே சமயம், அதே வீழ்ச்சி மற்றவர்களை ஒன்றும் செய்யவில்லை. அப்போ கேள்வி அளவைப் பற்றியது இல்லை, அந்த மாற்றத்துக்கு ஒவ்வொரு மூளையும் எப்படி எதிர்வினை செய்யுது என்பதுதான்.

இப்போ மருந்துக்கு வருவோம். புரோஜெஸ்டிரோனிலிருந்து உடம்பு அலோபிரெக்னனோலோன் என்றொரு பொருளைத் தயாரிக்கிறது. மூளையின் பிரேக் மாதிரி வேலை செய்யும் காபா அமைப்பை அது வலுப்படுத்தும். அதே வழியில் வேலை செய்யும் சூரனோலோன் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. 14 நாள் மட்டும் போட்டால் போதும். முக்கியமான சோதனையில் 15-ஆம் நாள், ஹாமில்டன் அளவுகோலில் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 15.6 புள்ளி இறங்கியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.6.

அந்த 4 புள்ளி வித்தியாசம் நிஜமானது, கடுமையான நோயில் அது பெரிய விஷயம். நான் நிற்பது அந்த 11.6-ல். அதில் தானாகக் குணமாவது, நம்பிக்கை, யாரோ ஒருவர் அக்கறையாகத் தொடர்ந்து விசாரித்தது எல்லாம் கலந்திருக்கலாம். பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் முடியாது. ஆனா "ரசாயனத்தைச் சரி பண்ணியாச்சு" என்ற தலைப்புச் செய்தியில் இந்தப் பெரிய எண் காணாமலே போயிடுது. ஒரு சுற்று மருந்துக்கு 2023-ல் அறிவிக்கப்பட்ட விலை 15,900 டாலர் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

என் விமர்சனம் இதுதான். வெறும் ரசாயனம் என்று சொன்னால் வீட்டில் இருக்கிற மத்தவங்க எல்லாரும் தப்பிச்சுடறாங்க. முன்பு வந்த மனச்சோர்வு, கணவனின் அடி உதை, துணைக்கு ஆள் இல்லாமை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தூக்கமின்மையும் அந்த மூளையைத்தான் தாக்குது. வீட்டுச் சூழல் வேற, மூளை வேற என்று கோடு போட முடியாது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க ஹார்மோன் ரத்தப் பரிசோதனை கிடையாது. 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோல் வெறும் பத்துக் கேள்விதான், தமிழிலும் இருக்கு. யாராவது கேட்டால்தான் அதுக்குப் பயன். முதல் சில நாள் அழுகை பெரும்பாலும் தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டினா டாக்டரிடம் கூட்டிப் போங்க. சாகணும் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ பேச்சு வந்தால் அன்றைக்கே போங்க, தனியா விடாதீங்க. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.